வீட்டு அரிசியும் வீட்டு முட்டையும்
காலை உணவாக முட்டையப்பம் சுடும் முறை

பெரகலையிலிருந்து மலைச்சரிவில் இறங்கும் பெருந்தெரு கொஸ்லந்தையைக் கடந்து, தியலும நீர்வீழ்ச்சியின் அருகாகச் சென்று, வெல்லவாயாச் சமநிலத்தை அடைகின்றது. மேலே தேயிலை, கீழே நெல், இடையிலுள்ள சரிவுகளில் போஞ்சி, தக்காளி, கறிமிளகாய், கோவா முதலிய காய்கறிகள். ஊவா மாகாணத்தில் விளையும் பொருள்களிற் பலவற்றை இச்சிறு தூரத்திற்குள்ளேயே காணலாம். ஆயினும் இப்பகுதியின் வீடுகளில் நாள்தோறும் நிகழும் ஒரு கொடுக்கல் வாங்கல் சிந்திக்கத்தக்கது. கூட்டிலிருந்து எடுத்த முட்டை கடைக்குப் போகின்றது. கடையிலிருந்து கோதுமை மா வீட்டிற்கு வருகின்றது. நெல் விளைவிப்போர் வீட்டிலுங்கூடக் காலை உணவு பெரும்பாலும் கடையிற் பெற்ற மாவினால் ஆன ரொட்டியும் வெறுந்தேநீருமே.

முட்டையை விற்பது தவறன்று. உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் பிள்ளைகளின் கொப்பிக்கும் காசு வேண்டும். ஆனால் வீட்டில் விளைந்த முட்டையில் ஒன்றேனும் வீட்டில் உள்ளோர் வாயிற் படாது போவது பெரும் இழப்பு. வீட்டு நெல்லின் பச்சையரிசியையும் வீட்டுக் கோழியின் முட்டையையும் சேர்த்து, அடுப்பு நெருப்பிலேயே சுடக்கூடிய நிறைவான காலை உணவு ஒன்று நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. அதுவே முட்டையப்பம். அதனை வீட்டிற் செய்யும் முறையும், அதற்கு வேண்டிய முட்டையைத் தடையின்றிப் பெறும் வழியும் இத்துண்டுப் பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன.

கோதுமை மா வந்த வழி

இலங்கையில் கோதுமை வாணிப அளவிற் பயிரிடப்படுவதில்லை. நாம் உண்ணும் கோதுமை மா முழுவதும் கப்பலில் வந்த தானியத்திலிருந்தோ, கப்பலில் வந்த மாவிலிருந்தோ கிடைப்பதாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உணவு உதவித் திட்டத்தின் கீழ் வந்த மாவும், 1980ஆம் ஆண்டில் திருகோணமலையில் இயங்கத் தொடங்கிய பெரிய மா ஆலையும், பாணையும் ரொட்டியையும் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சேர்த்தன. மா விரைவாகப் பிசையத்தக்கது. ஊறவைக்கவோ இடிக்கவோ வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து பிரட்டுக்குச் செல்லவேண்டிய தோட்டத் தொழிலாளப் பெண்ணுக்கு அது பேருதவியாயிற்று. ஆகையால் ரொட்டியைப் பழித்துரைப்பது முறையாகாது.

எனினும், பிறநாட்டுத் தானியத்தை மட்டும் நம்பியிருக்கும் அடுப்பு எந்நாளும் எரியும் என்பதற்கு உறுதி இல்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, நாட்டில் உணவுத் தட்டுப்பாடு உண்டானபோது, சொந்த நிலமற்ற தோட்டத் தொழிலாளர் பசியால் மிகவும் வாடினர்; தோட்டப்பகுதிகளில் இறப்பு வீதமும் உயர்ந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலும் கோதுமை மாவின் விலை பலமடங்காயிற்று. அவ்வாண்டில் கோழித்தீனியின் விலையும் ஏறியதனால் பண்ணைகள் பலவற்றில் கோழிகள் குறைக்கப்பட்டன. முட்டைக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டு, 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யவேண்டியதாயிற்று. அத்தகைய காலங்களில் கொல்லையில் நான்கைந்து கோழியும் குதிரில் சிறிது நெல்லும் உடைய வீடு ஓரளவேனும் தாங்கி நிற்கும்.

ரொட்டியில் இல்லாதது முட்டையில் உண்டு

கோதுமை மாவிலும் அரிசியிலும் உடலுழைப்பிற்கு வேண்டிய மாச்சத்து நிரம்ப உண்டு. உடலை வளர்க்கும் புரதமும் அவற்றில் ஓரளவு இருக்கின்றது. ஆனால் அப்புரதம் முழுமையானதன்று; உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத சில கூறுகள் அதிற் குறைவு. முட்டையின் புரதமோ எல்லாக் கூறுகளையும் உடையது. நடுத்தர அளவான கோழி முட்டை ஒன்றில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. மேலும், கண்ணுக்கு வேண்டிய விற்றமின் ஏ, குருதி ஊறுவதற்கு வேண்டிய விற்றமின் பி12 ஆகியனவும் அதிற் கிடைக்கின்றன. சிறிதளவு முட்டை சேர்ந்தபோது, அதனுடன் உண்ணும் தானியத்தின் புரதமும் உடலுக்கு நன்கு பயன்படும்.

இங்கு ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ளல் வேண்டும். முட்டை உண்டால் இரத்தச்சோகை நீங்கிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். முட்டையில் இரும்புச்சத்து இருப்பினும், அதனை உடல் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே கர்ப்பிணிகள் மருத்துவ நிலையத்தில் வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தலாகாது. முட்டையுடன் முருங்கையிலை, பொன்னாங்காணி போன்ற கீரையும், தேசிக்காய்ப் புளி சேர்த்த சம்பலும் உண்டால் நன்று. தேசிக்காயிலுள்ள விற்றமின் சி, கீரையின் இரும்புச்சத்தை உடலிற் சேரச் செய்யும்.

தேயிலை விளையும் நாட்டில் கூறுவதற்குக் கடினமான மற்றொன்றும் உண்டு. உணவோடு சேர்த்து அருந்தும் தேநீரின் துவர்ப்புப் பொருள், உணவிலுள்ள இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாது தடுக்கின்றது. தேநீரை விடவேண்டியதில்லை, உணவிற்கு ஒரு மணி நேரம் முன்னரோ பின்னரோ அருந்தினாற் போதும். விடியற்காலையில் எழுந்தவுடன் தேநீரும், அதன்பின் வேலைக்குப் புறப்படும்போது உணவும் என வகுத்துக்கொள்வது நலம்.

உணவே பாத்திரம்

மாவினாற் செய்த பண்டத்தின் நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி, இரண்டையும் ஒன்றாக வேகவைத்து உண்ணும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. மேல்நாடுகளில் 'பேகல்' எனப்படும் வளைய வடிவான ஒருவகைப் பாண் இதற்குப் பயன்படுகின்றது. இது போலந்து நாட்டு யூத மக்களிடையே வழங்கியது. அந்நாட்டின் கிராக்கோவ் நகர யூதர்கள் 1610ஆம் ஆண்டில் வகுத்த விதிகளிலேயே இதன் பெயர் காணப்படுகின்றது. கோதுமை மாவைப் பிசைந்து புளிக்கவைத்து, வளையமாகத் திரட்டி, கொதிநீரிற் சிறிது நேரம் இட்டு எடுத்து, பின்னர்ப் போறணையிற் சுடுவர். அதனை இரண்டாகப் பிளந்து, நடுவிலுள்ள துளையில் முட்டையை ஊற்றி, மீண்டும் போறணையில் வைத்துக் காலை உணவாக்குவர்.

நம் வீடுகளிற் போறணை இல்லை. கோதுமையும் நமது பயிரன்று. ஆனால் அதே கருத்து அப்பத்தில் முன்னமே அமைந்துள்ளது. அப்பத்தின் குழிந்த நடுப்பகுதி முட்டையைத் தாங்கும் கிண்ணம். அதன் மெல்லிய ஓரம் மொறுமொறுப்பான ரொட்டி. மண்தாச்சியை அடுப்பில் ஏற்றி, மூடியின் மேலும் தணலை இட்டு, மேலும் கீழும் நெருப்பாக அப்பம் சுட்டது பழைய வழக்கம். மூடியும் தணலுமே போறணையின் வேலையைச் செய்துவிடுகின்றன. இம்முறையைக் கைவிடாது பேணுதல் வேண்டும். ஏனெனில் முட்டையின் மேற்புறம் நன்றாக வேகுவதற்கு இதுவே ஏற்றது.

வேண்டிய பொருள்கள்

ஐவர் உள்ள குடும்பத்திற்கு ஒரு வேளைக்குப் பின்வருவன போதுமானவை. இவற்றைக் கொண்டு ஏறக்குறைய 15 அப்பங்கள் சுடலாம். அவற்றுள் ஐந்தை முட்டையப்பமாக்கினால் ஒவ்வொருவர்க்கும் ஒன்று கிடைக்கும்.

பச்சையரிசி: அரைக் கிலோ
ஆறிய சோறு: ஒரு கைப்பிடி
தேங்காய்: நடுத்தர அளவானது ஒன்று
ஈஸ்ட்: அரைத் தேக்கரண்டி, அல்லது புதிய கள்ளு: அரைக் கோப்பை
சீனி: இரண்டு தேக்கரண்டி
உப்பு: ஒன்றரைத் தேக்கரண்டி அளவில், சுவைக்கேற்ப
முட்டை: ஐந்து
தாச்சியைத் துடைக்கச் சிறிது நல்லெண்ணெய்

அரிசி பச்சையரிசியாகவே இருத்தல் வேண்டும். நெல்லை அவித்துக் குற்றிய புழுங்கலரிசியின் மா நன்கு பொங்காது. அப்பத்தின் ஓரமும் மெலிதாகாது. ஆதலின் நெல் அறுவடையானதும், சோற்றுக்கு அவிக்கும் நெல்லிலிருந்து அப்பத்திற்கென ஒரு பகுதியைப் பிரித்து, நன்கு உலர்த்தி, அவியாது வைத்துக்கொள்வது முன்யோசனையாகும். சிவப்புப் பச்சையரிசியிலும் அப்பம் நன்றாக வரும். ஆலையில் மிகைப்படத் தீட்டாத அரிசியாயின் தவிட்டுச் சத்தும் சேரும்.

ஈஸ்ட் கிடைக்காவிடின் கித்துற் கள்ளோ தென்னங்கள்ளோ பயன்படும். கள்ளைச் சேர்ப்பது அதிலுள்ள நொதிக்காகவே. அப்பம் வேகும்போது வெறிச்சத்துப் பெரும்பாலும் ஆவியாகிவிடும். இளங்குழந்தைகளுக்குச் சுடுவதாயின் ஈஸ்ட்டையே கொள்ளுதல் நன்று.

மாவைப் பதப்படுத்தல்

அரிசியைக் களைந்து, நான்கு முதல் ஆறு மணி நேரம் நீரில் ஊறவைத்து, நீரை வடித்துவிடவேண்டும். ஈரம் சற்று வற்றியபின் உரலில் இடித்து, கண் சிறிய அரிதட்டினால் அரித்துக்கொள்க. அரிப்பில் தங்கும் குறுணலை மீண்டும் இடிக்கவேண்டும். மில்லில் அரைப்பிப்போர், ஊறிய அரிசியை நிழலில் உலர்த்தியபின் கொண்டுசெல்வது நலம்.

ஈஸ்ட்டையும் ஒரு தேக்கரண்டி சீனியையும் கால் கோப்பை இளஞ்சூட்டு நீரிற் கரைத்து வைத்தால், பத்துப் பதினைந்து நிமிடத்தில் நுரை எழும்பும். நுரை எழாவிடின் ஈஸ்ட் பழுதுபட்டது. அதனை மாவிற் சேர்ப்பது வீண். நீர் கையிற் சுடுமளவிற்குச் சூடாயிருந்தாலும் நொதி இறந்துவிடும்.

ஆறிய சோற்றை மைபோல் அரைத்து, அரிசி மாவுடன் சேர்த்து, நுரைத்த ஈஸ்ட்டையும் விட்டு, தேங்காயின் இளநீரையோ இளஞ்சூட்டு நீரையோ சிறிது சிறிதாகத் தெளித்து, ரொட்டிக்குரிய பதத்திலும் சற்று இளக்கமாகப் பிசைந்துகொள்க. பொங்குவதற்கு இடம் வேண்டுமாதலால், மாவிருக்கும் பாத்திரம் மாவின் அளவைப்போல் மூன்று மடங்கு கொள்ளத்தக்கதாய் இருக்கவேண்டும். பூச்சிமருந்தோ பசளையோ இருந்த வாளியையும் பீப்பாவையும், எவ்வளவு கழுவிய பின்னரும், எவ்வித உணவிற்கும் பயன்படுத்தலாகாது.

வெல்லவாயாப் பக்கத்து வெப்பத்தில் மா ஐந்தாறு மணி நேரத்திலேயே பொங்கிவிடும். கொஸ்லந்தையிலும் அதற்கு மேலுள்ள தோட்டங்களிலும் இரவு குளிராதலின், எட்டுப் பத்து மணி நேரம் செல்லும். அங்குள்ளோர் இரவுச் சமையல் முடிந்தபின் பாத்திரத்தைத் துணியால் மூடி, சாம்பலிட்டு அணைத்த அடுப்பின் அருகில் வைத்துவிடலாம்.

விடிந்ததும் தேங்காயைத் துருவி, முதற்பால் ஒரு கோப்பை தனியாகவும், இரண்டாம் பால் தனியாகவும் பிழிந்துகொள்க. பொங்கிய மாவில் உப்பையும் எஞ்சிய சீனியையும் இட்டு, முதலில் இரண்டாம் பாலையும் பின்னர் முதற்பாலையும் விட்டுக் கட்டியின்றிக் கரைக்கவேண்டும். அகப்பையினின்று தடையின்றி ஒழுகவும், ஒழுகியபின் அகப்பையில் மெல்லிய பூச்சாகத் தங்கவும் வேண்டும். அதுவே ஏற்ற பதம். அரைமணி நேரம் அப்படியே விட்டால் மேலே சிறு குமிழிகள் தோன்றும். அப்பொழுது சுடத் தொடங்கலாம்.

சுடும் முறை

அப்பத் தாச்சி சிறியதாகவும் குழிவுள்ளதாகவும் இருத்தல் வேண்டும். புதிய இரும்புத் தாச்சியை உடனே பயன்படுத்தினால் அப்பம் ஒட்டும். அதனைக் கழுவிக் காயவைத்து, எண்ணெய் தடவிச் சூடாக்கி, தேங்காய்ப்பூவை அதிற் கருகும்வரை வறுத்துக் கொட்டி, மீண்டும் எண்ணெய் தடவி வைக்கவேண்டும். இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தாற் பழகிவிடும். பழகிய தாச்சியிற் குழம்பு முதலியவற்றைச் சமைத்தலும், மணலிட்டுத் தேய்த்தலும் ஆகா.

நெருப்பு மிதமானதாக இருக்கவேண்டும். கொழுந்துவிட்டு எரியும் விறகிலும் தணல் சிறந்தது. தாச்சி சூடானதும் எண்ணெய்த் துணியால் உட்புறத்தைத் துடைத்து, ஓர் அகப்பை மாவை ஊற்றி, தாச்சியின் இரு பிடிகளையும் பிடித்து ஒருமுறை சுழற்றுக. மா பக்கங்களில் மெலிதாகப் படிந்து நடுவில் தங்கும். பக்கங்கள் வெண்மை மாறிப் பிடிக்கத் தொடங்கியதும், முன்னரே கோப்பையில் உடைத்து வைத்த முட்டையை நடுவில் மெதுவாகச் சரிக்கவேண்டும். முட்டையை நேராகத் தாச்சியில் உடைத்தலாகாது. ஒரு முட்டை பழுதாயிருப்பின் அப்பமும் பழுதாகும்.

உடனே மூடியால் மூடி, மூடியின்மேல் இரண்டு கை அகப்பை தணலை இடுக. மூன்று நான்கு நிமிடத்தில் வெள்ளைக்கரு உறைந்து, மஞ்சட்கருவும் மேற்புறத்தில் மூடிக்கொள்ளும். ஓரம் பொன்னிறமாகித் தாச்சியினின்று தானே விலகும். அப்பொழுது தட்டகப்பையால் எடுத்துவிடலாம். மேலே தணல் இடாது வெறும் மூடியால் மூடிச் சுடுவோர், அடியில் நெருப்பைக் குறைத்து, இன்னும் இரண்டு நிமிடம் விடவேண்டும்.

அப்பம் தட்டையாகி ஓரம் நிற்காவிடின், மா மிகவும் தடித்தது அல்லது தாச்சி சூடு போதாதது. நடுவில் துளைகள் இன்றி இறுகினால், மா போதிய அளவு பொங்கவில்லை. அடி கருகி மேல் வேகாவிடின், நெருப்பு மிகுதி. மாவில் கடும் புளிப்பு மணம் வீசினால், பொங்கும் நேரம் மிகுந்துவிட்டது. அடுத்த முறை ஈஸ்ட்டைக் குறைக்கவேண்டும்.

தொட்டுண்பதற்குக் காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, சிறிது மாசித்தூள் ஆகியவற்றை அம்மியில் இடித்துத் தேசிக்காய்ப் புளி விட்ட கட்டைச் சம்பல் போதும். கொல்லையில் தக்காளி மிகுந்த காலத்தில் அதனைச் சுட்டு மசித்துச் சேர்ப்பின் செலவின்றிச் சுவையும் சத்தும் கூடும்.

நேரமில்லாத நாட்களில்

வேலைநாள் விடியலில் அப்பம் சுடுவதற்கு எல்லா வீட்டிலும் நேரம் இராது. ஆயினும் அன்றும் முட்டையைச் சேர்க்க வழி உண்டு. குரக்கன் மா, அரிசி மா அல்லது கோதுமை மாவில் தேங்காய்ப்பூ சேர்த்துத் தடித்த ரொட்டியாகத் தட்டி, ஒருபுறம் வெந்ததும் திருப்பி, அகப்பையின் பின்புறத்தால் நடுவை அழுத்திக் குழியாக்குக. அக்குழியில் முட்டையை ஊற்றி, மிளகுதூளும் உப்பும் தூவி, மூடி, மூடியின்மேல் தணல் இட்டால், ரொட்டியும் முட்டையும் ஒன்றாக வெந்துவிடும். பாண் உள்ள வீட்டில், தடித்த துண்டின் நடுவை வட்டமாக வெட்டியெடுத்து, தாச்சியில் வைத்து, அத்துளையில் முட்டையை ஊற்றி இவ்வாறே சுடலாம். வெட்டிய வட்டத்தையும் அருகில் வாட்டி உண்ணலாம்.

முட்டையைப் பற்றிய எச்சரிக்கை

பச்சை முட்டையிலும் அரைவேக்காட்டு முட்டையிலும் வாந்தி, வயிற்றோட்டம் முதலியவற்றை உண்டாக்கும் கிருமிகள் இருத்தல் கூடும். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர் ஆகியோருக்கு மஞ்சட்கருவும் இறுகும்வரை வேகவைத்தே கொடுத்தல் வேண்டும். பூப்பெய்திய பெண்பிள்ளைக்குப் பச்சை முட்டையை நல்லெண்ணெயுடன் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அப்பிள்ளைக்கு முட்டை கொடுக்கவேண்டும் என்னும் நோக்கம் மிக நன்று. ஆனால் அதனை வேகவைத்துக் கொடுப்பதே பாதுகாப்பு. சத்தும் குறையாது.

புதரில் மறைவாக இடப்பட்ட முட்டையின் வயதை அறிய, அதனை நீரில் இடுக. புதிய முட்டை படுத்துக் கிடக்கும், பழையது நிமிர்ந்து நிற்கும், மிதப்பதைத் தள்ளிவிடவேண்டும். வெடித்த ஓடுடைய முட்டையையும் கொள்ளலாகாது. முட்டையைத் தொட்டபின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும்.

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு நன்கு வெந்த முட்டையைச் சிறிது சிறிதாக மசித்துக் கொடுக்கலாம். தடிப்போ மூச்சிரைப்போ கண்டால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

முட்டை தரும் கோழி

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் நேர்ந்த மண்சரிவு, லயங்களில் வாழ்ந்த பலரின் உயிரையும் உடைமையையும் கொண்டுபோயிற்று. அதன்பின் அங்கு தப்பியோருக்கு வேறிடத்தில் தனிவீடுகள் கட்டிக்கொடுக்கப்பட்டன. மலையகத்தின் பிற தோட்டங்களிலும் 7 பேர்ச் காணியுடன் கூடிய தனிவீடுகள் எழுந்தன. ஏழு பேர்ச் சிறிய நிலமே. எனினும் வீடும் சிறிய காய்கறிப் பாத்தியும் போக, ஒரு மூலையில் ஐந்தாறு கோழிக்குக் கூடு அமைக்க அது இடந்தரும். இன்றும் லயத்தில் வாழ்வோர் இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து ஒரு கூட்டை வைத்துக்கொள்ளலாம்.

கூடு நிலத்தினின்று இரண்டடி உயர்ந்து, மழைச்சாரல் படாது, கீரியும் மரநாயும் புகாதவாறு நெருங்கிய கம்பியால் அடைக்கப்பட்டிருக்கவேண்டும். தவிடு, குறுணல், தேங்காய்ப் புண்ணாக்கு, சோளம், கீரைக்கழிவு ஆகியன தீனியாகும். பூஞ்சணம் பிடித்த சோளத்தைக் கொடுத்தலாகாது; அதிலுள்ள நஞ்சு கோழியைக் கெடுக்கும். முட்டையோட்டை வறுத்துப் பொடித்துத் தீனியிற் கலந்தால் சுண்ணச்சத்துக் கிடைத்து, ஓடு உறுதியாகும். தூய நீர் எந்நேரமும் இருத்தல் வேண்டும்.

காய்கறிச் செய்கையாளர் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பூச்சிமருந்து தெளித்த பாத்தியிற் கோழியை மேயவிடுதல் ஆகாது. மருந்து படிந்த இலையையும் மருந்துண்டு இறந்த புழுவையும் கோழி தின்றால், அந்நஞ்சு முட்டையின் வழியாக வீட்டிலுள்ள பிள்ளையைச் சேரலாம். மருந்துப் போத்தலிற் குறிக்கப்பட்ட காத்திருப்புக் காலம் முடியும்வரை கோழியைக் கூட்டில் அடைத்து வைக்கவேண்டும்.

கோழிகளை ஒருங்கே மாய்க்கும் இராணிக்கற் நோய்க்கு மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு. பச்சைநிறக் கழிச்சலும் கழுத்துத் திருகலும் கண்டபின் ஓடுவதிற் பயனில்லை. முன்னரே பகுதிக்குரிய அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரித்து, உரிய காலத்தில் தடுப்பூசி இடுவிக்கவேண்டும்.

கூட்டின் எருவைப் புதிதாகப் பாத்தியில் இட்டால் பயிரின் வேர் கருகும். வைக்கோலும் சருகும் சேர்த்துக் குவித்து, சில வாரங்கள் மக்கவிட்டு இட்டால், போஞ்சிக்கும் கறிமிளகாய்க்கும் சிறந்த பசளையாகும்.

முட்டைக் கணக்கு

நாட்டுக்கோழி சில முட்டைகளை இட்டபின் அடைகாக்க அமர்ந்துவிடும். அக்காலத்தில் முட்டை இராது. கலப்பினக் கோழி கூடுதலாக இடும். எடுத்துக்காட்டாக, கலப்பினக் கோழிகள் ஆறு உள்ள வீட்டில் நாளொன்றிற்குச் சராசரி இரண்டு முட்டை கிடைப்பதாகக் கொண்டால், வாரத்திற்கு 14 முட்டையாகும். ஞாயிறன்று ஐவர்க்கும் முட்டையப்பத்திற்கு ஐந்து, புதனன்று தாய்க்கும் பிள்ளைக்கும் ரொட்டியில் இரண்டு, ஆக ஏழு. எஞ்சிய ஏழை விற்கலாம். விற்ற பணத்தில் தேங்காயும் ஈஸ்ட்டும் வாங்கியபின்னும் சிறிது மிஞ்சக்கூடும். பதினான்கையும் விற்றாற் கிடைக்கும் பணம் இதனிலும் கூடுதலே. ஆனால் அப்பணத்திற்குக் கடையில் வாங்கும் பிஸ்கட்டும் மாவும் ஏழு முட்டையின் சத்தைத் திருப்பித் தரமாட்டா.

கிடைத்த முட்டையை எவர் உண்பது என்பதும் முக்கியமானது. குறைவாக உள்ளபோது குடும்பத் தலைவருக்கு முட்டையும், மற்றையோர்க்குச் சம்பலும் என்று வைப்பது பல வீடுகளின் வழக்கம். தலைவரின் உழைப்பு மதிக்கத்தக்கதே. ஆயினும் வயிற்றிற் பிள்ளையைச் சுமப்பவள், பாலூட்டுபவள், வளரும் குழந்தை ஆகியோருக்கே முட்டையின் தேவை மிகுதி. கொழுந்துக் கூடையைச் சுமந்து நாள்முழுதும் மலையேறும் பெண், எல்லார்க்கும் பரிமாறியபின் எஞ்சிய ரொட்டியை உண்டு புறப்படுவாளாயின், அவ்வீட்டின் உழைப்பிற்கே அடித்தளம் ஆட்டங்காணும். ஒரே முட்டை இருக்கும் நாளில் அது முதலில் அவர்களுக்கே உரியது. வீட்டுத் தலைவர்களே இதனை எடுத்துச் சொன்னால் தாய்மார் மறுக்கமாட்டார்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. அறுவடையின்போது அப்பத்திற்கெனச் சிறிது நெல்லை அவியாது ஒதுக்குக.
2. இடும் முட்டை அனைத்தையும் விற்காது, ஒரு பகுதியை வீட்டிற்கென முதலிலேயே எடுத்து வைக்குக.
3. மூடியின்மேல் தணல் இட்டு, முட்டையை முழுதாக வேகவைக்குக.
4. கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் முட்டையை முதலிற் கொடுக்குக.
5. தேநீருக்கும் உணவிற்கும் இடையே ஒரு மணி நேரம் விடுக.
6. மருந்து தெளித்த பாத்தியிற் கோழியை விடாதொழிக.

நெல்லும் முட்டையும் கமக்காரரின் கையில் விளைகின்றன. அவை சந்தைக்குச் செல்லுமுன் தம் வீட்டுப் பிள்ளைகளின் காலை உணவில் ஓர் இடம் பெறுமாயின், அவர்கள் ஊட்டத்துடன் பள்ளிக்குச் செல்வர். பெண்கள் தெம்புடன் வேலைக்குச் செல்வர். வரும் சனிக்கிழமை இரவே மாவைப் பிசைந்து வைத்துத் தொடங்கலாம்.